பக்கத்து சீட்டு மாஸ்டர்: கார் ஓட்டக் கத்துக்கொடுக்குறவங்களோட வரலாறு

இந்த எபிசோட் ஒரு நேயரோட கேள்வியில இருந்து வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துல, ஆரணிக்குப் பக்கத்துல சந்தவாசல்னு ஒரு ஊர் இருக்கு. வேலூர்ல இருந்து கண்ணமங்கலம் வழியா போளூர் போறவங்க அந்த ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குத் திரும்புற இடம். ஆடி வெள்ளிக்கிழமையில அந்த ரோட்டுல வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும், அது ஒரு தனி டிரைவிங் டெஸ்ட்.

அங்க இருந்து ஒரு பொண்ணு எழுதியிருந்தாங்க. பட்டுத்தறி வீடு. கார் லைசென்ஸ் எடுத்து நாலு வருஷம் ஆச்சு, தினமும் ஓட்டுறாங்க. அவங்க கேட்டது இதுதான்: "டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கொடுக்குற வேலைக்குப் போகணும்னா என்ன தகுதி வேணும்? நல்லா ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாதா?"

முதல் பாதிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதில் கிடைச்சிடும். ரெண்டாவது பாதிக்கு நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும். ஏன்னா கார் வந்த புதுசுல அந்தக் கேள்வியே யாருக்கும் தோணல.

1900-களின் தொடக்க மெட்ராஸை நினைச்சுப் பாருங்க. கார்கள் விரல்விட்டு எண்ணுற அளவு. எம்.சி. 1 நம்பர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கோட காருக்கு. மெட்ராஸ் துறைமுகத்தை உருவாக்கினவர்னு சொல்வாங்களே, அவர்தான். எம்.சி. 3 கட்டடக் கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியாரோடது. ஹைகோர்ட்டும் கன்னிமாரா நூலகமும் கட்டினவர். இந்த ரெண்டு பேருக்கும் இன்னொரு பொதுவான விஷயம் உண்டு. கணிதமேதை ராமானுஜன் குமாஸ்தாவா வேலை பார்த்தது ஸ்பிரிங்குக்குக் கீழ, துறைமுக ஆபீஸ்ல. அவரோட கடைசி நாட்கள் கழிஞ்சது சேத்துப்பட்டுல நம்பெருமாள் செட்டியார் வீட்டுல. இது நம்ம கதைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனா சொல்லாம விட மனசு வரல.

சரி, காருக்கு வருவோம். 1903-ல மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில சாமுவேல் ஜான் கிரீன்ங்கிறவர் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். நீராவிக் கார்னா சாவியைத் திருப்பினதும் கிளம்பாது. தண்ணி ஊத்தணும், நெருப்பு மூட்டணும், அழுத்தம் ஏறுற வரைக்கும் காத்திருக்கணும். 'ஷோஃபர்'ங்கிற வார்த்தையே அங்க இருந்து வந்ததுதான். பிரெஞ்சுல அதுக்கு அர்த்தம் சூடேத்துறவர், அதாவது கொதிகலனுக்குத் தீ போடுற ஆள். டிரைவர்ங்கிறவர் முதல்ல ஒரு மெஷின் ஆள். ஓட்டுறது அவர் பார்க்குற வேலைகள்ல ஒண்ணு, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அப்போ கத்துக்கொடுத்தது யார்? காரை வித்த கம்பெனி மெக்கானிக். கார் வாங்கினா முதலாளிக்கோ அவர் வச்சிருக்கிற ஆளுக்கோ ஓட்டிக் காட்டிட்டுப் போவார். பல வீடுகள்ல அதுவரைக்கும் குதிரை வண்டி ஓட்டினவரே மறுநாள் ஸ்டியரிங் பிடிச்சார். குதிரையாவது சுவர் வந்தா தானா நிக்கும்.

ஐரோப்பாவிலயும் இதே நிலைமைதான். பிரிட்டன்ல 1903-ல போட்ட மோட்டார் கார் சட்டப்படி 1904 ஜனவரியில இருந்து லைசென்ஸ் கட்டாயம். ஆனா அதுக்கு டெஸ்ட் கிடையாது. காசு கட்டினா கையில காகிதம். டெஸ்ட் கட்டாயமானது 1935 ஜூன்ல. நடுவுல முப்பது வருஷத்துக்கு மேல, ஒருத்தருக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதான்னு அரசாங்கம் கேட்கவே இல்ல.

கேட்டது கார் கிளப்புகள். 1897-ல லண்டன்ல தொடங்கி, பின்னாடி 'ராயல்' பட்டம் வாங்கின ஆட்டோமொபைல் கிளப், 1905-லயே ஓட்டிக் காட்டுறவங்களுக்குச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பிச்சது. கிளப் உறுப்பினர்கள் பணக்காரங்க, அவங்க காரை ஓட்டுறது சம்பளத்துக்கு வந்த ஆள். அந்த ஆளை நம்பலாமாங்கிறது அவங்களோட கவலை. இன்னொரு கவலையும் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது: கண்டபடி ஓட்டி ஆளுங்க செத்தா ஜனங்க காரையே வெறுப்பாங்க, அரசாங்கம் கெடுபிடி பண்ணும். ஆக, தரம்ங்கிற பேச்சு பொதுநலத்துல மட்டும் பிறக்கல, தற்காப்புலயும் பிறந்தது. அதனால அது தப்புன்னு ஆகிடாது.

பள்ளிக்கூடங்களும் அதே காலத்துல வந்துச்சு. ஜெர்மனியில 1904-ல அஷாஃபன்பர்க் ஊர்ல ருடால்ஃப் கெம்ஃப் தொடங்கினது அந்த நாட்டோட முதல் டிரைவிங் ஸ்கூல். லண்டன்ல 1910-ல பெக்கம் பகுதியில ஹியூ ஸ்டான்லி ராபர்ட்ஸ் தொடங்கின பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் மோட்டாரிங் இன்னைக்கும் நடக்குது.

நம்ம பக்கம் கிளப்புகள் தாமதமா வரல. கொழும்புல 1904, கல்கத்தாவுல 1904, மெட்ராஸ்ல 1905. மெட்ராஸ்ல தொடங்கினதுதான் இன்னைக்கு அண்ணா சாலையில இருக்கிற ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சதர்ன் இந்தியா, சுருக்கமா ஏ.ஏ.எஸ்.ஐ. பம்பாயோட வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் வந்தது 1919-ல. உறுப்பினர் கார் நடுவழியில நின்னா ஆள் அனுப்புறது, வரைபடம் கொடுக்கிறது, வெளிநாட்டுக்குக் காரை எடுத்துட்டுப் போக ஆவணம் வாங்கித் தர்றது, இதெல்லாம் இந்தச் சங்கங்களோட வேலை. கூடவே ஓட்டக் கத்துக்கொடுக்கிறதும் சேர்ந்துச்சு. லாபத்துக்கு மட்டும் நடத்துற தெருமுனை ஸ்கூலுக்கும் சங்கம் நடத்துற ஸ்கூலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சங்கத்துக்குத் தன் பேர் முக்கியம். கத்துக்கிட்டுப் போறவர் நாளைக்கு அதே சங்கத்துல உறுப்பினராகக்கூடும்.

ஆனா நம்ம ஊர்ல பெரும்பாலான டிரைவர்கள் எந்தக் கிளப்லயும் கத்துக்கல, எந்த ஸ்கூல்லயும் கத்துக்கல. அவங்க பள்ளிக்கூடம் லாரிதான். கிளீனரா ஏறணும். வண்டி கழுவணும், டயர் கழட்டணும், பின்னாடி தட்டி 'வா வா வா, ரைட்'னு குரல் கொடுக்கணும். டிரைவருக்கு டீ வாங்கித் தரணும், திட்டு வாங்கணும். சில வருஷம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி, ரோடு காலியா இருக்கும்போது, டிரைவர் அண்ணன் தூக்கம் வருதுன்னு சொல்லி ஸ்டியரிங்கைக் கொடுப்பார். அதுதான் முதல் பாடம்.

இதைக் கேவலமா நினைக்காதீங்க. தறி கத்துக்கிட்டதும் இப்படித்தான். ஆரணிப் பக்கம் எந்த நெசவாளரைக் கேட்டாலும், அப்பா பக்கத்துல உக்காந்து பார்த்துக் கத்துக்கிட்டேன்னுதான் சொல்வார். குழித்தறியில காலுக்கு மிதி, கைக்கு நாடா, கண்ணு பாவு மேல. கையும் காலும் கண்ணும் தனித்தனியா வேலை பார்க்கணும். கிளட்ச், கியர், கண்ணாடி மாதிரியேதான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. தறியில தப்பு பண்ணினா இழை அறும், முடிச்சுப் போட்டுக்கலாம். வண்டியில அப்படி இல்ல. 2022-ல மட்டும் இந்தியா முழுக்கச் சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். விபத்துகளோட எண்ணிக்கையில அந்த வருஷம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105.

சட்டம் மெதுவாத்தான் வந்தது. 1914-ல வந்த இந்திய மோட்டார் வாகனச் சட்டம் லைசென்ஸ் வேணும், 18 வயசு ஆகியிருக்கணும்னு சொன்னது. 1939 சட்டம் ஓட்டிக் காட்டுற சோதனையை அட்டவணை போட்டு வச்சது. நம்ம ஊர் பேச்சுல 'பிரேக் இன்ஸ்பெக்டர்'னு ஒருத்தர் இருக்காரே, அவர் முன்னாடி வேர்த்து வழிஞ்ச தலைமுறைகள் இதுக்குள்ள அடங்கும். கவனிச்சுப் பார்த்தா எல்லாமே கத்துக்கிட்டவரைத்தான் சோதிக்குது. கத்துக்கொடுத்தவரை யாரும் சோதிக்கல.

அவரைப் பத்தி நாடு முழுக்க ஒரே விதியா எழுதினது 1988 மோட்டார் வாகனச் சட்டமும், அதையொட்டி வந்த 1989 மத்திய விதிகளும். சட்டத்தோட 12-வது பிரிவு டிரைவிங் ஸ்கூல்களுக்கு லைசென்ஸ் வேணும்ங்குது. விதி 24, அங்க கத்துக்கொடுக்குறவர் யாரா இருக்கணும்னு சொல்லுது. சந்தவாசல் கேள்வியோட முதல் பாதிக்குப் பதில் இங்கதான் இருக்கு: பத்தாம் வகுப்பு பாஸ். குறைஞ்சது அஞ்சு வருஷ ஓட்டுற அனுபவம். அதோட, அரசு நடத்துற அல்லது அங்கீகரிச்ச நிறுவனத்துல மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழ், இல்லைன்னா மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்ல அதுக்கு மேற்பட்ட தகுதி. போக்குவரத்துச் சின்னங்கள் அத்துப்படியா இருக்கணும். இங்கிலீஷோ அந்தப் பகுதியோட மொழியோ போதுமான அளவு தெரிஞ்சிருக்கணும்.

இதுல எனக்குப் பிடிச்சது ஒரு சின்ன விதிவிலக்கு. விதி வர்றதுக்கு முன்னாடியே தொடர்ந்து அஞ்சு வருஷம் மாஸ்டரா வேலை பார்த்தவர்னா அவருக்குப் பத்தாம் வகுப்பு தேவையில்ல. ஆயிரக்கணக்கான பேருக்குக் கத்துக்கொடுத்த ஒரு பெரியவரைப் பார்த்து 'மார்க் ஷீட் எங்க'ன்னு கேட்கக் கூடாதுங்கிற புத்தி அந்த விதியை எழுதினவருக்கு இருந்திருக்கு.

பிடிக்காத விஷயத்தையும் சொல்லிடுறேன். அந்தப் பட்டியல்ல 'விளக்கிச் சொல்லும் திறன்' வேணும்னு ஒரு வரி வருது. எதை விளக்கணும்? வண்டியோட பாகங்கள் எப்படி வேலை செய்யுதுங்கிறதை. ஒரு மனுஷருக்கு எப்படிக் கத்துக்கொடுக்கணும், பயந்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சவரை எப்படித் தளர வைக்கணும், எப்போ பேசணும், எப்போ வாயை மூடிக்கிட்டு இருக்கணும், இதைப் பத்தி ஒரு வரி இல்ல. நீராவிக் காருக்குத் தீ மூட்டின 'ஷோஃபர்' இன்னும் விதிக்குள்ள உக்காந்திருக்கார். மெஷின் தெரிஞ்சா ஓட்டத் தெரியும், ஓட்டத் தெரிஞ்சா கத்துக்கொடுக்கத் தெரியும்னு ஒரு நம்பிக்கை.

ஓட்டத் தெரிஞ்சவருக்கெல்லாம் கத்துக்கொடுக்கத் தெரியும்னா வீட்டுல மாமாகிட்டயோ கணவர்கிட்டயோ கார் கத்துக்கிட்ட எல்லாரும் சந்தோஷமா வந்திருக்கணும். எத்தனை பேர் பாதியிலயே அழுதுட்டு இறங்கியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். வேடிக்கை என்னன்னா, அந்த மாமாவையும் சட்டம் 'இன்ஸ்ட்ரக்டர்'னுதான் கூப்பிடுது. எல்.எல்.ஆர். வச்சிருக்கிறவர் காரை ஓட்டும்போது பக்கத்துல ஒரு இன்ஸ்ட்ரக்டர் இருக்கணும்னு விதி 3 சொல்லுது. அவருக்கு வேண்டியது செல்லுபடியாகுற லைசென்ஸும், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடியுற மாதிரி ஒரு இடமும்தான். ஒரே வார்த்தை, ரெண்டு ஆள். ஒருத்தர் அஞ்சு வருஷ அனுபவமும் சான்றிதழும் வச்சிருக்கணும், இன்னொருத்தர் போன மாசம் லைசென்ஸ் வாங்கின அத்தை பையனா இருக்கலாம். ஸ்கூல் கார்ல டபுள் கன்ட்ரோல் கட்டாயம், மாஸ்டர் காலுக்குக் கீழயும் பிரேக் இருக்கும். அத்தை பையனுக்கு ஹேண்ட் பிரேக்கும் குலதெய்வமும்தான்.

பிரிட்டன் இந்த இடத்துல வேற பாதையில போச்சு. அங்கயும் ரொம்ப நாள் யார் வேணும்னாலும் காசு வாங்கிக் கத்துக்கொடுக்கலாம்ங்கிற நிலைமைதான். 1964-ல அரசாங்கம் ஒரு பதிவேடு திறந்தது, விருப்பப்பட்டவங்க சேரலாம்னு. 1970-ல அதைக் கட்டாயமாக்கினாங்க. இன்னைக்கு அங்க மாஸ்டர் ஆகணும்னா மூணு பரீட்சை. முதல்ல எழுத்துத் தேர்வும், வரப்போற ஆபத்தை வீடியோ பார்த்துக் கண்டுபிடிக்கிற சோதனையும். அடுத்தது சொந்தமா ஓட்டிக் காட்டுறது. மூணாவது பரீட்சையில நிஜமான மாணவருக்கு நீங்க பாடம் நடத்தணும், தேர்வாளர் பின்சீட்டுல உக்காந்து கவனிப்பார். அவர் பார்க்கிறது உங்க பாடத்தை. பயிற்சியில இருக்கிற மாஸ்டர்னா கார் கண்ணாடியில ரோஸ் கலர் முக்கோணம் ஒட்டணும், முழுத் தகுதி வந்ததும் பச்சை நிற எண்கோணம். ஜெர்மனியில 1969-ல இதுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க, பயிற்சி இப்போ ஏறக்குறைய ஒரு வருஷம்.

நம்ம ஊர் ஸ்கூல்கள் மேல மட்டும் பழி போடுறது நியாயமில்ல. விதிப்படி கார் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதுல நிஜமா ஓட்டுறது 10 மணி நேரம். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு அரை மணிகூட இல்ல. எத்தனை மணி நேரம் ஓட்டினார்னு படிவம் 15-ல பதிவேடு வைக்கணும். முடிஞ்சதும் படிவம் 5-ல சான்றிதழ் கொடுக்கணும். பாடத்திட்டத்துல முதலுதவி உண்டு, 'ஓட்டுநருக்கான மக்கள் தொடர்பு'ன்னு ஒரு பகுதியே உண்டு. காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. ஆனா கத்துக்க வர்றவர் கேட்குறது ஒண்ணே ஒண்ணு: 'லைசென்ஸ் எப்போ சார் கிடைக்கும்?' ரோட்டுல எப்படி நடந்துக்கணும்னு கத்துக்க வர்றவங்க குறைவு. அந்த நெருக்கடியில ஒரு மாஸ்டர், ரெண்டு பேர் பின்சீட்டுல காத்திருக்க, மூணாவது ஆளுக்கு ஹாஃப் கிளட்ச் சொல்லிக் கொடுக்கிறார். பல மாஸ்டர்கள் தங்களாவே நல்ல ஆசிரியரா மாறியிருக்காங்க. அதுல விதிக்குப் பங்கு எதுவும் இல்ல.

இப்போ சந்தவாசல் கேள்வியோட ரெண்டாவது பாதி. இந்த விதி யாரை வெளியில நிறுத்துதுன்னு பாருங்க. நம்ம நேயர் பத்தாவது பாஸ். அஞ்சு வருஷ அனுபவம் அடுத்த வருஷம் முடிஞ்சிடும். இடிக்கிறது மெக்கானிக் சான்றிதழ். ஐ.டி.ஐ.யில மோட்டார் மெக்கானிக் படிப்பு ரெண்டு வருஷம். அந்த வகுப்புல பொண்ணுங்களை எண்ண ஒரு கை விரலே அதிகம். விதியில 'ஆண்'ங்கிற வார்த்தை எங்கயும் இல்ல, ஆனா சல்லடை போட்டா ஆண்கள்தான் நிறைய நிக்கிறாங்க. அதே சமயம் கார் கத்துக்க வர்ற பெண்கள் நிறைய பேர் லேடி மாஸ்டர் இருக்காங்களான்னுதான் முதல்ல கேட்கிறாங்க.

1993-ல கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி தமிழ்நாட்டு அரசு பஸ்ஸோட முதல் பெண் டிரைவரா சேர்ந்தாங்க. அதுக்கு அப்புறமும் ஸ்டியரிங் பிடிச்ச பெண்ணைப் பார்த்து ஊர் திரும்பிப் பார்க்கிறது நிக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்து சொல்லிக் கொடுக்குற பெண் அதைவிட அபூர்வம். அதனால அவங்களுக்கு என் பதில்: நல்லா ஓட்டத் தெரிஞ்சா போதாதுங்கிறது சரிதான். ஆனா கூடுதலா கேட்க வேண்டியதை விட்டுட்டு, விதி வேற எதையோ கேட்குது. இருந்தாலும் இன்னைக்கு அது கேட்குறதைக் கொடுத்துத்தான் உள்ள போக முடியும். ஐ.டி.ஐ. விண்ணப்பம் போடுங்க. பானெட்டைத் திறந்து பேசத் தெரிஞ்ச லேடி மாஸ்டருக்கு ஆரணியில வேலை கிடைக்காம போகாது. டி.என். 97 நம்பர் கார்கள் குறையப் போறதில்ல.

விதியும் அப்படியே நிக்கல. 2021 ஜூலையில இருந்து அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்கள்னு ஒரு புது ஏற்பாடு வந்திருக்கு. கார் மாதிரி இலகுரக வண்டிக்கு ஒரு ஏக்கர், கனரக வண்டிக்கு ரெண்டு ஏக்கர் நிலம் வேணும். சிமுலேட்டர் வேணும், ஓட்டிப் பழகத் தனித் தடம் வேணும். கார் பயிற்சி 29 மணி நேரம், அதிகபட்சம் நாலு வாரத்துக்குள்ள. அதுல 8 மணி நேரம் வகுப்பறை, 21 மணி நேரம் ஓட்டுறது. அங்க பாஸ் ஆனவருக்கு ஆர்.டி.ஓ. டெஸ்ட்ல இருந்து விலக்கு. பயிற்சியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் அஞ்சு வருஷ அனுபவமும் வேணும். 2019-ல வாடகை வண்டி, லாரி ஓட்டுறவங்களுக்கு இருந்த எட்டாம் வகுப்பு நிபந்தனையை எடுத்துட்டாங்கங்கிறதையும் சேர்த்துப் பாருங்க. ஓட்டுறவருக்குப் படிப்பு தேவையில்ல, கத்துக்கொடுக்குறவருக்கு ரெண்டு வகுப்பு கூட வேணும். ஓட்டுறது வேற, கத்துக்கொடுக்கிறது வேறன்னு அரசாங்கம் மெல்ல ஒத்துக்கிட்டு வருதுன்னு இதை எடுத்துக்கலாம். ஆனா டெஸ்ட்டே இல்லாம லைசென்ஸ்னு ஆனா, ஒருத்தர் ரோட்டுக்கு வரத் தகுதியானவரான்னு சொல்ற கடைசி ஆள் அந்த மாஸ்டர்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் செய்துட்டு இருந்த வேலை அவர் தலையில வந்து விழுது. அந்தப் பின்சீட்டுத் தேர்வாளர் மட்டும் இங்க இன்னும் வண்டியில ஏறல.

அந்தப் பிரேக் இன்ஸ்பெக்டர்களுக்கும் ஒரு தனி வரலாறு இருக்கு. டூ வீலருக்கு '8' போடச் சொல்ற கதையோட அதை அடுத்த எபிசோட்ல பேசுவோம்.